மீன் ஆசை

ஒரு தகரப் பலகையில் எழுதியிருக்கிற ஒரே ஒரு சொல், பஸ்ஸிலிருந்து சிரித்துக்கொண்டே இறங்கினவளை எவ்வளவு நேரத்துக்குக் கொதிக்க வைக்கும், சொல்லுங்கள் பார்ப்போம்? சுகந்தியை அரை மணி நேரமாகக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தது, இன்னும் இறக்கியபாடில்லை. டிசம்பர் இருபத்தாறாம் தேதி காலை, கொடிமரக்குப்பத்து சுனாமி நினைவிடத்தில், கயிறு கட்டிய வரிசையில் அவள் நின்றுகொண்டிருந்தாள். முன்னால் அவளுடைய அம்மா தனபாக்கியம், கையில் பால் செம்பு, மேலே தட்டு மூடி. பக்கத்தில் முந்தானையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு யூ.கே.ஜி. படிக்கிற மகள் கனிஷ்கா. வரிசை போய்ச் சேருகிற இடத்தில் இந்த வருஷம் புதிதாக எழுப்பின கறுப்புக் கல் சுவர். இருபது வருஷத்துக்கு முன்னால் இந்தக் குப்பத்தில் போன தொண்ணூற்று மூன்று பேருடைய பெயரும் அதில் இருந்தது. நாற்பத்தோராவது பெயர் மேனகா, சுகந்தியின் அக்கா, வயது பதினொன்று. சுவருக்குப் பத்தடி இப்பால், கயிறு திரும்புகிற முனையில், நீலப் பெயிண்ட் அடித்த அந்தப் பலகை. குழந்தைக்குத் தண்ணீர் பிடிக்கப் போனபோதுதான் சுகந்தி அதைப் பார்த்தாள். வருகிறவர்கள் அன்றைக்கு நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டுமாம், அதற்காக யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள். காலை ஒன்பது மணியளவில் கடல் உள்வாங்கியது. மீன் ஆசையால் கடலுக்குள் ஓடிய பெண்களும் சிறுவர்களும் பேரலைக்கு இரையாயினர். இரண்டே வரி. பாட்டிலில் தண்ணீர் நிரம்பி வழிந்து செருப்பை நனைத்தது அவளுக்குத் தெரியவில்லை.

ஆசை. மீன் ஆசை. பால்கோவா ஆசை மாதிரி, வளையல் ஆசை மாதிரி. சுகந்தி திரும்பி வந்து வரிசையில் நின்றாள், அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு வருஷமும் பழைய சிமெண்ட் தூணுக்கு முன்னால் நின்று, சுகந்தி விரலை வைத்து முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர் வரைக்கும் வாய்விட்டுப் படிக்க வேண்டும், அம்மா கேட்டுக்கொண்டு நிற்பாள். அதன் பிறகுதான் பால் கடலுக்குப் போகும். கல்யாணம் ஆகி மயிலாடுதுறைப் பக்கம் போன பிறகும் இதற்காகவே சுகந்தி விடியக்காலை பஸ் பிடித்து வருகிறாள். எழுத்து எங்கே இருந்தாலும் அம்மாவுக்குத் தெரிய வேண்டும். மருந்துச் சீட்டு, பஸ் போர்டு, மளிகை கட்டின காகிதம், எதுவானாலும் "என்ன போட்டிருக்கு, படி" என்பாள். அந்தப் பலகை முனைக்குப் போனதும் கேட்பாள். கேட்காமல் இருக்கவே மாட்டாள். அப்போது என்ன செய்வது? படிக்காமல் தாண்டிவிட வேண்டும், பேச்சுக் கொடுத்துக்கொண்டே இழுத்துக்கொண்டு போய்விட வேண்டும் என்று ஒரு மனசு சொன்னது. இன்னொரு மனசு, அதுதான் அவளைப் பயமுறுத்தியது, படி, நன்றாகச் சத்தமாகப் படி, இவள் காதில் விழட்டும் என்றது. அந்த இரண்டாவது மனசை இத்தனை வருஷமாக எந்த அடுக்குப்பானைக்கு அடியில் வைத்திருந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. சிரித்த மூஞ்சி சுகந்தி. பள்ளிக்கூடத்தில் அந்தப் பேர், மாமியார் வீட்டிலும் அந்தப் பேர். இட்லி வேகாவிட்டாலும் சிரிப்பாள், மிக்ஸி ஓடாவிட்டாலும் சிரிப்பாள் என்று அவள் புருஷன் கலைமணி சொல்லுவான். சிரிக்கிறவளுக்குக் கோபம் வராது என்று யார் சொன்னது? வந்தால் அதை எங்கே வைப்பது என்று தெரியாது, அவ்வளவுதான்.

போன் அடித்தது. கலைமணி. "ஏய், தோசை மாவு எங்க வச்ச?" பிரிட்ஜில், கீழ்த்தட்டில், பச்சை மூடி போட்ட டப்பாவில், உங்கள் கண்ணுக்கு நேராக என்றாள். "பச்சை மூடி ரெண்டு இருக்கே." ஒன்றில் மாவு, ஒன்றில் நேற்றைய ரசம், திறந்து பார்த்தால் கடிக்காது என்றாள். அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள், அந்தச் சிரிப்பு யாரோ பக்கத்தில் நின்று சிரித்த மாதிரி அவள் காதிலேயே கேட்டது. "அத்தை எப்படி இருக்காங்க, அழுவுறாங்களா?" இல்லை, நல்லா இருக்காங்க. போனை வைத்துவிட்டு அம்மாவின் முதுகைப் பார்த்தாள். அழவில்லை. அம்மா இங்கே அழுது அவள் பார்த்ததே இல்லை. மற்றவர்கள் மார்பில் அடித்துக்கொள்வார்கள், மண்ணில் விழுவார்கள், தனபாக்கியம் மட்டும் ரேஷன் கடையில் நிற்கிற மாதிரி நிற்பாள். செம்பைப் பிடித்த கையில் நரம்பு புடைத்திருந்தது. ஜாக்கெட்டின் முதுகில் தையல் விட்டிருந்தது. போன பொங்கலுக்கு எடுத்துக் கொடுத்த புதுசு என்ன ஆச்சு, பெட்டியில் பூட்டி வைத்திருப்பாள். அந்தத் தையலைப் பார்த்ததும் பாவமாக இருந்தது, பாவமாக இருந்ததில் இன்னும் எரிச்சல் வந்தது. இன்றைக்குப் பாவப்படக்கூடாது என்று நினைத்தாள். மேனகாவுக்காக ஒரு நாளாவது, ஒரு மணி நேரமாவது, முழுசாகக் கோபப்பட ஒருத்தியாவது வேண்டாமா?

மேனகா மீன் சாப்பிட மாட்டாள். இதை யாரிடம் போய்ச் சொல்வது? குப்பத்தில் பிறந்து மீன் வாசனைக்கே மூக்கைப் பொத்துகிற ஒரே பிள்ளை அவள்தான். நாலு வயசில் ஒரு முள் தொண்டையில் குத்தி, பழத்தை விழுங்க வைத்து, முதுகில் அடித்து, ஊரே கூடிவிட்டதாம். அதிலிருந்து ரசம் சோறு, அப்பளம், மாங்காய் ஊறுகாய். "எங்க வீட்டுல ஒரு ஐயரு பொறந்துட்டாரு" என்று அப்பா கேலி செய்வார். ஆனால் மீன் ஆய்வதில் அவளை யாரும் அடித்துக்கொள்ள முடியாது, அரிவாள்மணையில் உட்கார்ந்தாள் என்றால் செதில் ஒன்று வெளியே தெறிக்காது. சுகந்தியின் தட்டில் மீனைப் பிட்டு, விரலால் தடவித் தடவி முள் எடுத்து, "இந்தா இது சுத்தம், இது சுத்தம்" என்று ஒவ்வொரு துண்டாகத் தள்ளி வைப்பாள். பிறகு சோப்புப் போட்டு ரெண்டு தடவை கை கழுவுவாள். அவளுக்கா மீன் ஆசை? கனிஷ்காவுக்கு மீன் முள் எடுத்துப் போடும்போதெல்லாம் சுகந்தியின் விரல் தானாக அப்படியே தடவும், அது தன் விரலா அக்காவின் விரலா என்று ஒரு நொடி குழம்பும். எழுதினவனுக்கு இதெல்லாம் தெரியுமா? ஃபேன் காற்றில் உட்கார்ந்து, டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு, ஆசை என்று எழுதிவிட்டான். ஆசையால் ஓடினார்கள், ஆகவே செத்தார்கள். படித்துவிட்டுப் போகிறவர்கள் ச்சூ கொட்டுவார்கள். பாவம், விவரம் தெரியாத ஜனங்கள், நாலு மீனுக்காக உயிரை விட்டிருக்கிறார்கள் என்று பேசிக்கொண்டே போய்க் காரில் ஏறுவார்கள். சொல்லப்போனால் இப்போதே அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. முன்னால் இருபது முப்பது பேர் தள்ளி, காலேஜ் பிள்ளைகள் நாலைந்து பேர் பலகையைப் போட்டோ எடுத்தார்கள். ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொல்லி உதட்டைப் பிதுக்கினாள். சுகந்திக்கு அந்த உதட்டைப் பிடித்துக் கிள்ள வேண்டும் போல இருந்தது.

வரிசை நகரவில்லை. நாட்டார் வைரக்கண்ணு மைக்கோடு கயிற்றோரம் போய்வந்துகொண்டிருந்தார், சட்டையில் கறுப்பு ரிப்பன், கழுத்தில் அட்டை. குப்பத்துப் பஞ்சாயத்தில் இப்போது அவர்தான் பெரிய தலை. "சிறப்பு விருந்தினர் பக்கத்து ஊர்ல மாலை போட்டுட்டு இருக்காங்க, இப்ப வந்துருவாங்க. அவங்க வந்ததும் மௌன அஞ்சலி. யாரும் கயித்தத் தாண்ட வேணாம்." பந்தலுக்குள் வெள்ளைத் துணி போர்த்திய நாற்காலிகள் காலியாக இருந்தன. பெயர் சுவரில் இருக்கிறவர்களின் வீட்டாள்கள் வெயிலில். மணி எட்டு ஐம்பது. ஏன் நாட்டார் சித்தப்பா, ஒன்பது மணிக்குத்தானே எல்லா வருஷமும் சங்கு ஊதுவோம் என்று யாரோ ஒரு பொம்பளை கேட்டாள். "இந்த வருஷம் கொஞ்சம் முன்ன பின்ன ஆகும்மா, பெரியவங்க வராங்கல்ல." அந்தப் பொம்பளை விடவில்லை. "கடலு காத்திருந்துச்சா பெரியவங்க வரட்டும்னு?" வரிசையில் ஒரு சிரிப்பு ஓடியது, கசந்த சிரிப்பு. வைரக்கண்ணு சுகந்தியைப் பார்த்துவிட்டு, "என்ன சிரிச்ச மூஞ்சி, எப்ப வந்த, மாப்புள வரலையா?" என்றார். வரலை சித்தப்பா, கடை இருக்கு என்று வழக்கம் போலச் சிரித்து வைத்தாள். அந்தப் பலகையை யார் எழுதினது என்று கேட்டிருக்கலாம். கேட்டால் அம்மா காதில் விழும். அம்மா ரெண்டடி முன்னால்தான் நின்றாள்.

அது ஆசை இல்லை, முறை. எழுதினவனுக்கு இதையாவது யாராவது சொல்லியிருக்கலாம். கொடிமரக்குப்பத்தில் வலையில் விழுந்த மீன் படகுக்காரனுக்கு, கரையில் தானாக ஒதுங்கின மீன் படகில்லாத வீட்டுக்கு. பஞ்சாயத்தில் வைத்து முடிவு பண்ணினது, எந்தத் தாத்தா காலத்திலோ. எப்போதாவது மத்தி கூட்டம் கூட்டமாகக் கரைக்கு வந்து விழும். அப்போது படகு வைத்திருக்கிறவன் பெண்டாட்டி வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பாள், குனிந்து ஒன்றை எடுக்க மாட்டாள், எடுத்தால் ஊர் காறித் துப்பும். புருஷன் இல்லாதவள், கூலிக்குப் போகிறவன் வீடு, இவர்கள்தான் அண்டா, சட்டி என்று கையில் கிடைத்த ஏனத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். முதலில் போனவருக்கு முதல் அள்ளல். அப்பா அடுத்தவர் படகில் பங்குக்குப் போகிற ஆள், சொந்தமாக ஒரு கட்டுமரம் கூடக் கிடையாது. அன்றைக்குக் கடல் வத்தி, சேற்றில் மீன் துள்ளுகிறது என்று சத்தம் வந்தபோது, ஓடினது யார்? கடைசி வரிசைக் குடிசைகள். அந்த வரிசையில் பதினாறு வீடு, அந்த வரிசையிலிருந்து மட்டும் ஐம்பத்திரண்டு பெயர் அந்தக் கல்லில். கடல் இவ்வளவு தூரம் வத்தினதை யார் கண்டார்கள், கிழவர்கள்கூடக் கண்டதில்லை. மத்தி ஒதுங்குகிற மாதிரி இதுவும் ஒன்று என்று நினைத்தார்கள். ஊர் நமக்கென்று விட்டு வைத்த மீன், போய் எடுத்துக்கொள்வோம் என்று போனார்கள். இதற்குப் பேர் ஆசையா? அரிசி வாங்க ரேஷன் கடைக்கு ஓடுகிறவனை அரிசி ஆசை என்று எழுதுவானா? எழுதுவான், எழுதுகிறவன் எதையும் எழுதுவான். இப்படிச் சுற்றிச் சுற்றி எழுதினவனையே திட்டிக்கொண்டிருந்தவள், திடீரென்று, ஓடுகிறவள் செருப்பில் கல் மாட்டின மாதிரி நின்றாள். அந்தச் சொல் எழுதினவனுடையது இல்லை. அந்தச் சொல்லை அவள் முன்னாலேயே கேட்டிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை. அரைப் பரீட்சை லீவு. கலாவதி அக்கா வீட்டில், குப்பத்திலேயே ஒரே மாடி வீடு, ஒன்பது மணிக்கு டிவியில் பொம்மைப் படம் போடுவார்கள். சுகந்திக்கு ஏழு வயசு, காலையிலிருந்து அதே நினைப்பு. அம்மா பின்பக்கம் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். சத்தம் வந்ததும் எழுந்து, சாம்பல் கையோடு, பெரிய ஏனத்தை எடுத்து மேனகா கையில் திணித்தாள். "ரெண்டு பேரும் ஓடுங்கடி. ஓடுங்க, முந்திக்கிட்டுப் போயி அள்ளுங்க." மேனகா மூக்கைச் சுளித்தாள். "அம்மா, நாறும்மா." "நாறுனா கழுவிக்கலாம், போடி." சுகந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வயித்த வலிக்குதும்மா, ராத்திரியிலேருந்து வலிக்குது, வாந்தி வர மாதிரி இருக்கு, நடந்தா குத்துது. அம்மா அவளை ஒரு பார்வை பார்த்தாள். "சரி, நீ கெட." மேனகா தனியாகப் போனாள், ஏனத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, தொப்பி மாதிரி. அவள் தெருவைத் தாண்டியதும் சுகந்தி எழுந்து கலாவதி வீட்டு மாடிக்கு ஓடினாள். பொம்மைப் படம் ஆரம்பித்திருந்தது. கரண்ட் போனது. அதன் பிறகு அந்தச் சத்தம். அந்தச் சத்தத்தை நினைக்கக்கூடாது, வேறு எதையாவது நினை. கனிஷ்காவுக்கு பிஸ்கட் பாக்கெட் எந்தப் பையில்? மஞ்சள் பையில். ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். குழந்தை ஓரத்தைச் சுற்றிக் கடித்து நடுவில் கிரீமை விட்டு வைத்தது. அம்மா சவுக்குத் தோப்பில் ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டு பிழைத்தாள். அப்பா படகில் ஆழக் கடலில் இருந்தார். ஆழத்தில் இருந்தவர்களுக்கு அலையே தெரியவில்லை, மத்தியானம் மீனோடு கரைக்கு வந்தார்கள், கரையைக் காணோம். அப்பா சேற்றில் விழுந்து எழுந்து வந்தார், மாடிப்படியில் அம்மாவும் சுகந்தியும் உட்கார்ந்திருந்தார்கள். "மேனகா எங்க?" என்று கேட்டார். அம்மா சொன்ன பதிலைச் சுகந்தி அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு கேட்டாள், இன்றைக்கும் அந்தக் குரல் மாறாமல் கேட்கிறது. "மீன் ஆசையில ஓடிட்டா. நான் வேணாம்னுதான் சொன்னேன்."

நான் வேணாம்னுதான் சொன்னேன். அப்பா நாலு வருஷத்துக்கு முன்னால் சாகிற வரைக்கும் அதை நம்பினார். ஆசைக்காரி, ஆசைக்காரி என்று குடித்துவிட்டு அழுவார், ஐயரு பிள்ளைக்கு என்ன திடீர்னு மீன் ஆசை என்று ஒரு தடவை கூட அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை. பிறகு நோட்டுப் புத்தகத்தோடு யார் யாரோ வந்தார்கள், வருஷா வருஷம் வந்தார்கள், மரத்தடியில் பாய் விரித்து உட்கார்ந்து, சொல்லுங்கம்மா, அன்னைக்கு என்ன நடந்துச்சு என்று கேட்டார்கள். அம்மா சொன்னாள். எல்லாரிடமும் அதையே சொன்னாள். மீன் ஆசையில புள்ளைங்க ஓடிச்சு ஐயா. அதைத்தான் எவனோ எழுதி, எவனோ திருத்தி, எவனோ பெயிண்டால் பலகையில் ஏற்றிவிட்டான். எழுதினவன் மேல் என்ன தப்பு? அவன் வாயில் சொல்லை வைத்ததே இவள்தான், இதோ தையல் விட்ட ஜாக்கெட்டோடு முன்னால் நிற்கிறாளே இவள். படிக்கிறேன், முனை வரட்டும், படிக்கிறேன், உன் சொல்லை உனக்கே படித்துக் காட்டுகிறேன். ஏன் ஒரு நாளும் உண்மையைச் சொல்லவில்லை? போ என்று சொன்னது எல்லா அம்மாவும்தான், பதினாறு வீட்டு அம்மாவும் போ என்றுதான் சொன்னார்கள், அலை வருமென்று யாருக்குத் தெரியும்? போ என்றதை மன்னிக்கலாம். போகாதே என்று சொன்னதாகச் சொன்னதை எப்படி மன்னிப்பது? செத்த பிள்ளையின் தலையில் பழியைத் தூக்கி வைத்து, அதுவும் அந்தப் பிள்ளை வாயில் வைக்க அருவருத்த மீனை வைத்து. அப்புறம் நீ? என்று ஒரு குரல் உள்ளேயிருந்து கேட்டது. நீ என்ன சொன்னாய்? வயித்து வலி. நீயும் போயிருந்தால் ரெண்டு பேரும் கைகோத்துக்கொண்டு மெதுவாக அல்லவா போயிருப்பீர்கள், உன் நடைக்கு அவள் நின்று நின்று போயிருப்பாள், தெரு முனையில் இருக்கும்போதே அலை தெரிந்திருக்கும், திரும்பி ஓடியிருப்பீர்கள். அல்லது ரெண்டு பெயரும் கல்லில் இருந்திருக்கும். இந்தக் கணக்கை இருபது வருஷமாகப் போட்டு ஒரு தடவையும் விடை வந்ததில்லை. அப்பாவிடம் நீயாவது சொல்லியிருக்கலாமே, இல்லப்பா, அம்மாதான் அனுப்பினாங்க என்று? சொன்னால் உன் வயித்து வலியும் வெளியே வரும். அதனால் வாயைத் திறக்கவில்லை. சிரித்துக்கொண்டே இருந்துவிட்டாய்.

ஒன்பதே கால். சங்கு ஊதவில்லை. சரியாக அலை வந்த நேரம் சத்தமில்லாமல் வந்து, நாற்காலிகளைப் போல காலியாகக் கடந்து போனது. மௌனம் கூட இல்லை. மைக்கில் ஹலோ ஹலோ, டெஸ்ட், டெஸ்ட். வெயில் ஏறி பாலில் ஆடை கட்டியிருக்கும். விருந்தினர் இன்னும் அரை மணி ஆகும் போலிருக்கிறது, சனங்கள் பெயரைப் பார்த்துவிட்டு ஓரமாக நிற்கட்டும் என்று வைரக்கண்ணு கயிற்றை அவிழ்த்துவிட்டார். வரிசை நகர்ந்தது, சட்டென்று, இத்தனை நேரம் நின்றதற்கெல்லாம் சேர்த்து. சுகந்தி எதிர்பார்க்கவில்லை. அவளுடைய கோபம் முனைக்கு வரப் பத்து நிமிஷம் இருக்கிறது என்று கணக்குப் போட்டு வைத்திருந்தது, முனை கோபத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது. பலகைக்கு நேராக வந்ததும் படிக்க வேண்டும் என்ற நினைப்பே ஓடிப்போய், அம்மாவின் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்று மட்டும் இருந்தது. "வாம்மா, இந்தப் பக்கம், வெயிலா இருக்கு, வா வா." ஆனால் அவள் மறந்துபோன ஒன்று இருந்தது. கனிஷ்கா இந்த வருஷம்தான் எழுத்துக் கூட்டக் கற்றிருந்தாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் கடைப் பெயர்களைக் கத்திக்கொண்டே வந்த பிள்ளை, நீலப் பலகைக்கு முன்னால் டக்கென்று நின்றது. "மீ, ன். மீன்! அம்மா, மீன் போட்டிருக்கு! ஆ, சை. ஆசை! அம்மாச்சி, மீன் ஆசை!" பிஸ்கட் துணுக்கு தெறிக்க, பரிசு வாங்கினவள் மாதிரி நிமிர்ந்து பார்த்தது.

தனபாக்கியம் நின்றாள். பின்னால் வந்தவர்கள் இடித்துக்கொண்டு நின்றார்கள். "என்ன போட்டிருக்கு? படி." ஒன்றுமில்லைம்மா, சும்மா, அன்னைக்குக் கடல் வந்ததைப் பத்தி, எத்தனை மணிக்கு வந்துச்சு, எவ்வளவு உசரம் வந்துச்சு, இங்க மீன் பிடிக்கிறவங்க இருந்தாங்க, அவங்க ஆசையா வாழ்ந்த ஊருன்னு போட்டிருக்கு, அதத்தான் இவ படிக்கிறா, வா போகலாம், பால் கெட்டுப்போயிரும், வெயிலு, இவளுக்கு வேற தலைவலி வந்துரும். அம்மா திரும்பி அவளைப் பார்த்தாள். இருபது வருஷத்துக்கு முன்னால் சாம்பல் கையோடு பார்த்த அதே பார்வை. "நீ பொய் சொன்னா இப்படித்தான் மூச்சு விடாமப் பேசுவ. அன்னைக்கு வயித்து வலின்னு சொன்னப்பவும் இப்படித்தான் பேசுன." சுகந்திக்குக் காதுக்குள் கரண்ட் போன மாதிரி ஆனது. தெரியும். இவளுக்குத் தெரியும். அன்றைக்கே தெரிந்து, தெரிந்துதான் நீ கெட என்று விட்டிருக்கிறாள். ஏழு வயசுக்காரியின் பொய்யை அப்பாவிடம் சொல்லாமல், ஊரிடம் சொல்லாமல், அவளிடமே சொல்லாமல், இந்தச் செம்பைப் பிடித்திருக்கிற மாதிரி இத்தனை வருஷமும் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். இப்போது இவள் மேல் கோபப்படுவதா, கோபப்படாமல் இருப்பதா? கோபம் போகவில்லை, அப்படியே இருந்தது. நிற்க இடம் தெரியாமல் அலைந்தது. "இருக்கறபடி படிடி" என்றாள் அம்மா. சுகந்தி படித்தாள். ரெண்டு வரியையும் படித்தாள். அவள் நினைத்த மாதிரி சத்தமாக வரவில்லை, பெயர் படிக்கிற குரலில்தான் வந்தது.

அம்மா அழவில்லை. செம்பைக் கனிஷ்காவின் கையில் கொடுத்து, கெட்டியாகப் பிடிச்சுக்க என்றாள். பிறகு, தெருக்குழாயில் சண்டை போடுகிற காலத்தில் ஒரு குரல் வைத்திருந்தாளே, சுகந்தி மறந்தே போயிருந்த குரல், அந்தக் குரலில் கூப்பிட்டாள். "வைரக்கண்ணு! இஞ்ச வா!" நாட்டாரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில் வரிசையே திரும்பியது. அவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். "என்னக்கா, கூட்டத்துல." "இது தப்பு. இத அழிக்கச் சொல்லு." "எதக்கா?" "மீன் ஆசைன்னு போட்டிருக்குல்ல, அது. எம் பொண்ணு ஆசையில போகல. அவ மீனே திங்க மாட்டா. நான்தான் ஏனத்தக் கையில குடுத்துப் போடின்னு வெரட்டுனேன். நாறும்மான்னு சொன்னா, நான் கேக்கல. அவ அப்பாகிட்டப் பொய் சொன்னேன், எழுதிட்டுப் போக வந்தவங்ககிட்டயும் அந்தப் பொய்யத்தான் சொன்னேன். அத நம்பிப் போட்டுட்டாங்க. அழி." சங்கு ஊதாத இடத்தில் இப்போதுதான் மௌனம் வந்தது. கடைசி வரிசை வீட்டுக்காரி ஒருத்தி, அஞ்சுகம் என்று பேர், ரெண்டு பையன்களைக் கடலுக்குக் கொடுத்தவள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "நானும்தான் அனுப்புனேன்" என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி தலையை ஆட்டினாள். வைரக்கண்ணு பந்தலைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், கார் வருகிறதா என்று. "அக்கா, இன்னைக்குப் போயி இத எல்லாம்... அது கவர்மெண்டு பலகைக்கா, நம்ம இஷ்டத்துக்குத் தொட முடியாது. எழுத்து மூலமா ஒரு மனு குடுங்க, மேல அனுப்பிப் பாக்கலாம்." தட்டிக்கழிக்கிறவர்கள் சொல்கிற வார்த்தைதான். எத்தனை மனு மேலே போய் மேலேயே தங்கியிருக்கிறது என்று சுகந்திக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். "மனுதான? குடுக்கறேன்" என்றாள் அம்மா. பலகைக்கு அடியிலேயே, மணலில், காலை நீட்டி உட்கார்ந்தாள். வரிசை அவளைச் சுற்றி வளைந்து நின்றது. தூரத்தில் சைரன் வைத்த கார் சத்தம் கேட்டது, யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. சுகந்தியின் மஞ்சள் பையில் கனிஷ்காவின் வீட்டுப்பாட நோட்டு இருந்தது, நாலு கோடு போட்டது, ஒரு பேனாவும். எடுத்தாள். கோபம் இன்னும் இருக்கிறதா என்று பார்க்க நேரமில்லை. மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு என்று ஆரம்பிக்க வேண்டும், ஐயா என்று போட வேண்டும், பொருள் என்று போட வேண்டும், எட்டாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்தது. பேனாவைத் திறந்துகொண்டு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அதெல்லாம் அப்பறம் போட்டுக்க" என்றாள் அம்மா. "மொதல்ல இத எழுது. எம் மூத்த மக மேனகாவ நான்தான் அனுப்புனேன். இத எழுதிட்டு எனக்கு ஒரு தடவ படிச்சுக் காட்டுடி, சுகந்தி."